கிராஃப்டிங் விளையாட்டு பிடிக்காதவர் அதை ரசித்து விளையாடுவது எப்படி

மைன்கிராஃப்ட் விளையாட்டில் எனக்கு வாய்த்த முதல் அனுபவம், மண்ணில் குழி தோண்டி அதற்குள் நின்றுகொண்டு விடியும்வரை காத்திருந்ததுதான். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாத ஒரு புல்வெளியில் நின்றேன். கண்ணில் பட்ட மரத்தைக் கையாலேயே குத்தி நான்கைந்து கட்டைகள் சேர்ப்பதற்குள் இருட்டிவிட்டது. எங்கோ எலும்புக்கூடு நடமாடும் ஓசை கேட்டதும் தலைக்கு மேல் ஒரு மண்கட்டியை வைத்து மூடிக்கொண்டேன். அந்த விளையாட்டில் இரவு என்பது நம் கடிகாரத்தில் சுமார் 7 நிமிடம்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது நிமிடத்திலேயே மடிக்கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். பிறகு, பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கருவியையும் வீட்டையும் நாமே செய்துகொள்ளும் இதே கிராஃப்டிங் வகையில் வேறு இரண்டு விளையாட்டுகளைத் தள்ளுபடி விலையில் வாங்கி, இரண்டையும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டாமல் விட்டேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தியைப் பின்தொடர்வது என் வேலை. நூல் இறங்கியதா, நிட்டிங் முடிந்ததா, சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பியதா, காம்பாக்டிங்கில் அகலம் சரியாக வந்ததா, கட்டிங் எப்போது, பவர் டேபிளில் எத்தனை பீஸ் மீதம் என்று பகல் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பவன், இரவு ஒன்பது மணிக்கு ஓய்வாக உட்கார்ந்தால், அங்கும் பன்னிரண்டு கட்டை சேர், எட்டுக் கல் சேர், மூன்று கம்பளி சேர் என்று ஒரு பட்டியல் நின்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இந்த வகை விளையாட்டே நமக்கு ஆகாது என்று முடிவுகட்டி, கார்ப் பந்தயத்துக்கும் கதை சொல்லும் விளையாட்டுகளுக்கும் திரும்பிவிட்டேன்.

அந்த முடிவை மாற்றியவன் அவிநாசியில் இருக்கும் என் அக்கா மகன். விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் விட்டுப்போன மைன்கிராஃப்ட் உலகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, எல்லா வேலையும் நீங்களே செய்யறீங்க, அதான் சலிச்சுப்போவுது. மரம் வெட்டறத எங்கிட்ட உடுங்க, நீங்க ஊட்டக் கட்டுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் நூலிலிருந்து அட்டைப்பெட்டிவரை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்பவர்கள் சிலர்தான். மற்ற எல்லோரும் ஜாப் ஒர்க்கில்தான் பிழைக்கிறோம். தைப்பவர் தைப்பதோடு சரி, சாயம் போடுபவர் சாயத்தோடு சரி. ஆனால் இந்த விளையாட்டுகளோ விறகு பொறுக்குபவர், சுரங்கக்காரர், கொல்லர், கொத்தனார், சமையல்காரர், காவல்காரர் ஆகிய அத்தனை பேரின் வேலையையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றுகின்றன. அந்த ஆறு வேலைகளில் ஒன்று பிடிக்காமல் போனால்கூட ஆறும் கசந்துவிடுகிறது. எனவே, இந்த வகை பிடிக்காது என்று சொல்பவர் முதலில் செய்ய வேண்டியது, இதற்குள் இருக்கும் எந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதும், அந்த வேலையை மட்டும் விளையாட்டின் அமைப்புகளிடமோ கூட ஆடுபவரிடமோ ஜாப் ஒர்க்காகத் தள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்வதும்தான்.

பிடிக்காததைக் கண்டுபிடித்தல்

நீங்கள் கடைசியாக இப்படி ஒரு விளையாட்டை மூடிய அந்த நிமிடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். செத்துப்போய், அதுவரை சேர்த்தது எல்லாம் எங்கோ சிதறிக் கிடக்க, அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழி தெரியாமல் மூடினீர்கள் என்றால், உங்களுக்குக் கிராஃப்டிங் பிடிக்காமல் இல்லை, இழப்புதான் பிடிக்கவில்லை. மைன்கிராஃப்டில் புதிய உலகம் தொடங்கும்போதே கீப் இன்வென்ட்டரி என்ற விதியை இயக்கிவிட்டால், இறந்தாலும் கையிலிருந்த பொருள்கள் கையிலேயே இருக்கும். வால்ஹெய்ம் என்ற இதே வகை விளையாட்டிலும் உலகத்தின் அமைப்புகளில் மரணத்துக்கான தண்டனையைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லுவார்கள். விளையாட்டைச் செய்தவர்களே வைத்திருக்கும் பொத்தானை அமுக்குவதில் என்ன ஏமாற்று இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பசி, தாகம் என்று மூலையில் இறங்கிக்கொண்டே இருக்கும் பட்டைகள்தான் தொல்லை என்றால், அதற்கும் வழி உண்டு. மைன்கிராஃப்டின் பீஸ்ஃபுல் நிலையில் பசியும் இறங்காது, தாக்க வரும் பிராணிகளும் தோன்றமாட்டா. நடுவில் மனம் மாறினால் ஆட்டத்தின் போக்கிலேயே கடினத்தை ஏற்றிக்கொள்ளலாம். கடலுக்கடியில் நடக்கும் சப்நாட்டிகா என்ற விளையாட்டில் ஃப்ரீடம் என்ற நிலையைத் தேர்ந்தால் பசியும் தாகமும் இல்லை, மூச்சு மட்டும் இருக்கும். அந்த மூச்சுக்கணக்கு கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. வால்ஹெய்மில் இதைக் கவனித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது: அங்கே பட்டினியால் யாரும் சாவதில்லை. சாப்பிட்டால் உடல்வலுவும் தெம்பும் கூடும், சாப்பிடாவிட்டால் அடிப்படை அளவில் நிற்கும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் மூன்று வகை உணவு வரை வயிற்றில் இருக்கலாம் என்பதால், எதையெதைச் சேர்த்து உண்பது என்பது தண்டனையாக இல்லாமல் ஒரு சமையல் யோசனையாக மாறிவிடுகிறது.

வழி தொலைந்துபோவதுதான் உங்கள் குறை என்றால் அதைச் சரிசெய்வது எளிது. மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பில் இடத்தின் எண்களைத் திரையில் காட்டும் அமைப்பு உண்டு. ஜாவா பதிப்பில் எஃப்3 விசையை அமுக்கினால் தெரியும். வீட்டு வாசலின் எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துவிட்டால் தொலைவதற்கு வழியே இல்லை.

செய்முறைகளை நினைவில் வைக்கவே முடியவில்லை என்பவர்கள் வெட்கப்படாமல் பார்த்துச் செய்யலாம். மைன்கிராஃப்டில் 2017இல் இருந்தே செய்முறைப் புத்தகம் உள்ளேயே வந்துவிட்டது. டெராரியா என்ற விளையாட்டில் தொடக்கத்திலேயே உங்களோடு நிற்கும் வழிகாட்டியிடம் ஒரு பொருளைக் காட்டினால், அதைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று அவரே அடுக்கிவிடுவார். மரத்தில் மண்வெட்டி செய்ய எத்தனை குச்சி வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடிப்பதில் எனக்குச் சுகம் எதுவும் இல்லை. உங்களுக்கு இருந்தால் மட்டும் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் இருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை, எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்ற கேள்வி. அதற்கு எந்த அமைப்பிலும் பொத்தான் கிடையாது. அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பின்னால் சொல்கிறேன்.

எதில் தொடங்குவது

மைன்கிராஃப்டில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. 2009இல் முதல் வடிவம் வெளிவந்து, 2011இல் முழுமையடைந்து, 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கிய அந்த விளையாட்டு, 30 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது. அதனாலேயே எல்லோரும் அதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது எந்த வேலையும் ஏவாத விளையாட்டு. ஏற்கெனவே இந்த வகையை விரும்புபவருக்கு அந்த வெறுமை விருந்து. விரும்பாதவருக்கு அது வெறும் வெறுமைதான். வேறொன்றில் கை பழகிய பிறகு மைன்கிராஃப்டுக்கு வருவது நல்லது.

கதை வேண்டும் என்பவருக்கு 2018இல் முழுமையாக வெளிவந்த சப்நாட்டிகாவைத்தான் சொல்லுவேன். விண்கலம் ஒன்று உடைந்து, முழுக்கக் கடலாகவே இருக்கும் ஒரு கோளில் தனியாக மிதக்கும் உயிர்காப்புக் கூட்டுக்குள் நீங்கள் கண்விழிக்கிறீர்கள். அந்த உலகம் ஒவ்வொரு முறையும் கணினி கலைத்துப்போட்டு உருவாக்குவது அன்று; மனிதர்கள் உட்கார்ந்து கையால் அமைத்தது. அதனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் வானொலியைப் பழுது பார்த்துவிட்டால், அதில் வரும் செய்திகள் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் உங்கள் மூச்சு 45 விநாடிதான். அதைக் கூட்டுவதற்காக டைட்டானியம் பொறுக்கும்போது, பொருள் சேர்க்கிறோம் என்ற எண்ணமே வருவதில்லை. இன்னும் கொஞ்சம் ஆழம் போகலாம் என்ற ஆசைதான் முன்னால் நிற்கிறது. நான் முதலில் கைவிட்ட இரண்டில் இதுவும் ஒன்று. இரண்டாம் முறை தொடங்கியபோது பசியை நிறுத்திவிட்டு ஆடினேன், கடைசிவரை போனேன். நமது மேடான பூமியில் பிறந்து, கடலை ஆண்டுக்கு ஒருமுறை திருச்செந்தூரில் மட்டும் பார்ப்பவனுக்கு அந்த இருட்டு நீர் உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரைபடம் அதில் கிடையாது. ஆகவே கண்டுபிடித்த ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் பீக்கன் என்ற அடையாள மிதவை ஒன்றைச் செய்து மிதக்கவிட்டு அதற்குப் பெயரும் வைத்துவிடுங்கள்.

கதையைவிட இலக்கு வேண்டும், அதுவும் நாலு பேரோடு சேர்ந்து வேண்டும் என்பவருக்கு வால்ஹெய்ம் பொருந்தும். ஸ்வீடனில் ஒரு சிறிய குழு செய்து 2021 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு அது. புல்வெளி, கருங்காடு, சதுப்பு, மலை, சமவெளி என்று நிலங்கள் ஒன்றைவிட ஒன்று கொடியவையாகப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன் உண்டு. அவனை வீழ்த்தினால் அடுத்த நிலத்துக்கான கருவி கைக்கு வரும். எனவே இப்போது செம்பு எதற்கு என்றால் அதற்கு எப்போதும் ஒரு விடை இருக்கிறது. கருவி தேய்ந்தால் பட்டறையில் செலவே இல்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்பது இன்னொரு நிம்மதி.

நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்கு முடித்து, கணக்குப் பார்த்துப் படுக்கும் ஒழுங்கு பிடித்தவருக்கு ஸ்டார்டியூ வேலி உண்டு. எரிக் பரோன் என்ற தனி ஆள் ஒருவரே செய்து 2016இல் வெளியிட்ட அந்தத் தோட்ட விளையாட்டில் ஒரு நாள் என்பது, காலை 6 மணியிலிருந்து பின்னிரவு 2 மணிவரை, நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். பருவத்துக்கு 28 நாள். கைப்பேசியிலும் கிடைப்பதால், வாரச்சந்தைக்குப் போன வீட்டார் வரும்வரை வண்டியில் உட்கார்ந்தே ஒரு நாளை முடித்துவிடலாம். இதைத் திறந்த உலகம் என்று சொல்லலாமா என்று வாதிடுபவர்கள் வாதிடட்டும்; வாசல்படியாக இது நன்றாக உதவுகிறது.

முதல் மாலை

பிற்பாடு மைன்கிராஃப்டுக்கு வரும்போது, முதல் பகலை வீணாக்காமல் இருந்தால் குழிக்குள் நிற்கும் நிலை வராது. வெளிச்சம் இருப்பது சுமார் 10 நிமிடம். முதலில் பத்துக் கட்டை வெட்டுங்கள், அது தாராளமாகப் போதும். ஒரு கட்டையில் நான்கு பலகை கிடைக்கும்; நான்கு பலகையில் ஒரு பட்டறை மேசை ஆகும். மூன்று பலகையும் இரண்டு குச்சியும் சேர்த்து ஒரு மரக் கடப்பாறை செய்து, அதைக்கொண்டு பக்கத்து மலைச்சரிவில் இருபது கல் வரை உடைத்து, உடனே மரக் கடப்பாறையைப் போட்டுவிட்டுக் கல் கடப்பாறைக்கு மாறிவிடுங்கள். எட்டுக் கல்லில் ஓர் உலை. வழியில் ஆடு தென்பட்டால், ஒரே நிறத்தில் மூன்று கம்பளி சேர்த்துக்கொண்டு, மூன்று பலகையோடு சேர்த்து ஒரு கட்டில் செய்துகொள்ள வேண்டும். முதல் நாளின் மிகப் பெரிய சொத்து அந்தக் கட்டில்தான். படுத்தால் இரவு கடந்துவிடும், அதன்பின் இறந்தாலும் அதன் பக்கத்திலேயே மீண்டும் எழுவீர்கள். நிலக்கரி கிடைக்கவில்லை என்று தேடி அலைய வேண்டாம். இரண்டு கட்டையை உலையில் சுட்டாலே அடுப்புக்கரி கிடைக்கும், ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்ந்தால் நான்கு தீவட்டி. கல் உடைத்த அதே சரிவைக் குடைந்து, வாயில் ஒரு கதவு வைத்துவிட்டால் அன்றைய வீடு தயார். அழகான வீட்டை அன்றே கட்ட முயல்பவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறுநாளில் இரும்பு. இந்த வரிசை, அதாவது மரம், கல், கரி, உலை, இரும்பு என்பது, ஏதோ கணினிக்காரர் இட்டுக்கட்டியது என்று நான் நினைத்திருந்தேன். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகளை அறுத்துத் துளையிட்டதற்கான தடயங்களும் கிடைத்திருப்பதைப் படித்தபோது, அந்த வரிசை நம் வாய்க்கால் வரப்பிலேயே கிடந்தது புரிந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு உலைக்குள் தாது உருகும் அந்தப் பத்து விநாடி எனக்குச் சலிப்பதில்லை.

எதற்காக என்ற கேள்வி

இந்த விளையாட்டுகளில் சலிப்பு வருவது பெரும்பாலும் முதல் இரண்டு மணி நேரத்தில் அன்று. வீடு, உணவு, இரும்பு எல்லாம் கைகூடிய பிறகுதான். பயம் தீர்ந்ததும் வேலையும் தீர்ந்துவிடுகிறது. விளையாட்டை விரும்புபவர்கள் அந்த இடத்தில் தானாகவே ஒரு கோட்டையையோ ஒரு பாலத்தையோ கட்டத் தொடங்குகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குத் தானாக வராது. எனவே வெளியிலிருந்து ஓர் ஆர்டரைக் கொண்டுவர வேண்டும். அந்த ஆர்டருக்கு மூன்று குணங்கள் இருந்தால் அது நிற்கும்: அது எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், எப்போது முடிந்தது என்று தெளிவாகச் சொல்ல முடிய வேண்டும், முடிந்ததும் பார்ப்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். பெரிய வீடு கட்ட வேண்டும் என்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

நான் எடுத்துக்கொண்டது, காங்கேயம் பக்கம் என் அப்பாருவின், அதாவது தாத்தாவின், தோட்டத்துச் சாளை. அது இப்போது இல்லை. இடிந்து, அந்த இடத்தில் தென்னை நிற்கிறது. பனையோலை வேய்ந்த ஒற்றைச் சாளை, முன்னால் திண்ணை, பக்கத்தில் கட்டுத்தரை, தண்ணீர்த் தொட்டி, கிணறு, கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம், அதற்கு ஒரு படல் என்று என் நினைவில் இருந்ததை ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்ற மைன்கிராஃப்ட் கணக்கில் அளவு போட்டேன். அதன் பிறகு கட்டை சேர்ப்பதன் தன்மையே மாறிவிட்டது. முன்பு மரம் என்றால் வெறும் மரம். இப்போது கூரைக்கு எந்த மரத்தின் நிறம் காய்ந்த ஓலையோடு ஒத்துப்போகும், சுவருக்குச் செம்மண் வேண்டுமே, அது எந்த நிலத்தில் கிடைக்கும் என்று தேடிக்கொண்டு மூன்று நாள் பயணம் போனேன். அப்போதுதான் இந்த விளையாட்டில் தொலைவும் காலநிலையும் எதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது.

பாத்தி கட்டும்போது ஒரு நுட்பம் கிடைத்தது. மைன்கிராஃப்டில் ஒரு கட்டம் தண்ணீர், நாலாபுறமும் நான்கு கட்டம்வரை மண்ணை ஈரமாக வைத்திருக்கும். ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது கட்ட வயலின் நடுவே ஒரே ஒரு கட்டம் தண்ணீர் விட்டால், மீதி எண்பது கட்டமும் நனைந்துவிடும். வாய்க்கால் வெட்டியே பழகிய கண்ணுக்கு இது அதிசயமாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு குழியின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றினால் வற்றாத கிணறு ஆகிவிடுகிறது என்பதைப் பார்த்தபோது, ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல் இறக்கும் ஊர்க்காரனுக்குச் சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்து அய்யனை, அதாவது அப்பாவை, கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், "ஏஞ்சாமி, கெணறு தெக்காலயல்லொ இருந்துச்சு? நீ வடக்கால வெச்சிருக்கறயே" என்றார். கட்டுத்தரை இன்னும் அகலம், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம், படல் மேற்கே பார்த்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அடுத்த மாதத்துக்கான வேலை கிடைத்துவிட்டது. உங்களுக்குச் சாளை இல்லாவிட்டால் படித்த பள்ளிக்கூடம், பாட்டி வீட்டுச் சமையற்கட்டு, ஊர்க் கோயிலின் தேர்முட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். நினைவில் இருக்கும் இடமாகவும், சரி தப்பு சொல்ல ஒருவர் உயிரோடு இருக்கும் இடமாகவும் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டை

வேலைக்குப் போகிறவர்கள் இந்த விளையாட்டுகளை விடுவதற்கு இன்னொரு காரணம் மறதி. ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் மடிக்கணினியைத் தொடவே முடியாது. இருபது நாள் கழித்துத் திறந்தால், எந்தப் பெட்டியில் என்ன வைத்தோம், எதற்காக இந்தச் சுரங்கத்தைப் பாதியில் விட்டோம், கையில் ஏன் பதினான்கு முட்டை இருக்கிறது என்று ஒன்றும் நினைவிருக்காது. கதை விளையாட்டு என்றால் அதுவே நினைவூட்டும். இதற்கு அந்த வழக்கம் இல்லை. எனவே மூடுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சிட்டையில் எழுதிவிடுவது என் வழக்கம். "தெற்குச் சுவருக்குச் செம்மண் 40, பெட்டி 3இல் 22 உள்ளது" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். விளையாட்டுக்குள்ளேயே பலகையில் எழுதி வாசலில் நட்டுவைப்பதும் நல்லதுதான். பெட்டிகளைப் பொறுத்தவரை மரம், கல், உலோகம், உணவு, மற்றவை என்று ஐந்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். அதற்குமேல் பிரிப்பவர்களுக்கு ஸ்டோர் கீப்பர் வேலையில் ஆசை இருக்கிறது என்று பொருள்.

கூட ஆடுவோர்

வால்ஹெய்மில் பத்துப் பேர்வரை ஒரே உலகில் சேரலாம். நாங்கள் நான்கு பேர்: நான், அக்கா மகன், கோவையில் அவனோடு படிக்கும் இருவர். முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொண்டோம். சண்டையும் சுரங்கமும் பையன்களுக்கு, கட்டுமானமும் சமையலும் எனக்கு. அந்த விளையாட்டில் உலோகத்தாதுவை, ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நொடியில் தாண்டவைக்கும் போர்ட்டல் என்ற மாய வாசல் வழியாகக் கொண்டுவர முடியாது, கப்பலில்தான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இதைப் பலர் தொல்லை என்பார்கள். அமைப்புகளில் அந்தத் தடையை நீக்கிக்கொள்ளவும் செய்யலாம். நாங்கள் நீக்கவில்லை. இரவில் புயலில் கப்பல் வருவதற்காகத் துறையில் தீப்பந்தம் ஏற்றிவைத்துக் காத்திருப்பது, லாரி வரக் காத்திருப்பது போலவே இருந்தும், ஏனோ அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்று: உலகத்தைத் தன் கணினியில் வைத்திருப்பவர் உள்ளே வராவிட்டால் மற்றவர்களும் ஆட முடியாது என்பதால், வாரத்தில் ஒரு நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். தனி சர்வர் வைக்கும் அளவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

தனியாக ஆடுபவருக்கு இந்தப் பிரிவினை எப்படி என்று கேட்கலாம். வால்ஹெய்மின் அமைப்புகளில் கிடைக்கும் பொருளின் அளவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உயர்த்திக்கொண்டால், நீங்கள் வெட்டாத அந்தப் பாதி மரத்தை விளையாட்டு வெட்டிக் கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விட வேண்டியதை விடுதல்

கணினியில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வாங்கினால், 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருக்கும்வரை பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிடிக்குமா என்று ஐயம் உள்ள வகையில் இந்த இரண்டு மணி நேரத்தை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே அமைப்புகளில் எதையெதை நிறுத்தப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டுத் திறவுங்கள். முதல் மணி நேரத்தை முகத்தின் தாடியை வடிவமைப்பதில் கழித்துவிடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று உங்கள் மனதில் தானாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பிவிடுங்கள்.

எனக்கு அப்படித் திருப்ப நேர்ந்தது ஒன்றுதான். தொழிற்சாலை கட்டும் சாட்டிஸ்ஃபாக்டரியை, 2024 செப்டம்பரில் முழு வடிவம் வந்த கையோடு, எல்லோரும் புகழ்கிறார்களே என்று வாங்கினேன். உண்மையிலேயே நேர்த்தியான விளையாட்டு. இரும்புத்தாது உலைக்குப் போய், கட்டியாகி, கம்பியாகி, திருகாகி, பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து அடுத்த எந்திரத்துக்குள் நுழைவதைப் பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. ஐம்பதாவது நிமிடத்தில் ஓர் எந்திரம் தகடு வராமல் நின்றது. எங்கே தேங்குகிறது என்று பெல்ட்டின் வழியே பின்னோக்கி நடந்துபோனேன். முன்னால் உள்ள எந்திரம் நிமிடத்துக்கு எத்தனை கொடுக்கிறது, பின்னால் உள்ளது எத்தனை கேட்கிறது என்று தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அது அன்று பிற்பகல் தையல் பிரிவில் நான் போட்ட அதே கணக்கு. ஓவர்லாக்குக்குப் பதில் உலை, அவ்வளவுதான் வேறுபாடு. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்போதே பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தேன்.